இலக்கைத் தீர்மானிப்பது யார்? மார்பகப் புற்று, ஹெர்-2 ஏற்பி, மருந்தின் அரசியல்

1

‘இலக்கு’ என்பது யுத்தத்தின் சொல். மருத்துவம் அதை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. உடம்பின் மற்ற பகுதிகளைத் தொடாமல் நோய்க்கிருமியை மட்டும் போய்த் தாக்குகிற மருந்தை ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் ‘மந்திரத் தோட்டா’ என்று அழைத்தார். 1910இல் சிஃபிலிஸ் நோய்க்கு அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து சால்வர்சான் வந்தபோது தோட்டா கைக்குக் கிடைத்துவிட்டதாகவே பேசப்பட்டது. புற்றுநோயில் அந்தக் கனவு பலித்த இடங்களில் முக்கியமானது என்று மார்பகப் புற்றைச் சொல்கிறார்கள். 1998இல் வந்த டிரஸ்டுசுமாப் (விற்பனைப் பெயர் ஹெர்செப்டின்) தொடங்கி இன்றுவரை வந்துகொண்டிருக்கும் ஒரு மருந்து வரிசைக்கு ‘இலக்கு நோக்கிய சிகிச்சை’ என்று பெயர்.

புற்றுநோயை யுத்தமாகப் பேசுவதன் ஆபத்தை சூசன் சொண்டாக் 1978லேயே எழுதிவிட்டார். அவரே 1975இல் மார்பகப் புற்றுக்கு ஆளானவர். உருவகங்களை உரித்துவிட்டு நோயை நோயாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் நம் மொழியில் நோயின் பெயரே ஓர் உருவகம். மேற்கத்திய மொழிகளில் நண்டு, நமக்குப் புற்று. நண்டு வெளியிலிருந்து வந்து கவ்வுவது. புற்று இருந்த இடத்திலிருந்தே, அதே மண்ணை எடுத்து, எழும்புவது. இந்த விஷயத்தில் நம் சொல் நோயின் இயல்புக்குக் கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கிறது. இங்கே அந்நியக் கிருமி எதுவும் ஊடுருவவில்லை. நம் செல்லேதான் தன் சொந்தச் சாமான்களை வைத்துக்கொண்டு நிறுத்தாமல் வளர்கிறது. அப்படியென்றால் தோட்டாவுக்கு இலக்கு எது?

இந்தக் கேள்வியை நம் சூழலில் இரண்டு விதமாகக் கைகழுவிவிடுகிறோம். நவீன மருத்துவம் மொத்தமும் உடல் மீதான அதிகாரம், கம்பெனிக்காரன் சூழ்ச்சி என்று ஒதுக்குவது ஒன்று. ஃபூக்கோவைப் பாதியில் மூடிவைத்தவர்களிடம் இதை அதிகம் கேட்கலாம். ‘மருந்து வேலை செய்யுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க, அரசியல் எதுக்கு’ என்பது மற்றொன்று. இரண்டுமே நோயுற்ற பெண்ணுக்கு உதவுவதில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது. மருந்து வேலை செய்கிறது. அது யாருக்கு வேலை செய்யும் என்பதை உயிரியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. பரிசோதனை, காப்புரிமை, விலை, இயக்கம் எல்லாம் சேர்ந்துதான் ‘இலக்கு’ என்ற ஒன்றை உண்டாக்குகின்றன.

2

முதலில் உயிரியல். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு அரசியல் பேச முடியாது.

ஒரு செல் தானாக முடிவெடுத்துப் பிளவுபடுவதில்லை. வெளியிலிருந்து அதற்குச் சேதி வர வேண்டும். அந்தச் சேதியைக் கொண்டுவரும் புரதங்களுக்கு வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர். இவற்றை முதலில் கண்டறிந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி, ஸ்டான்லி கோஹென் இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. சேதியை வாங்குவதற்குச் செல்லின் மேல்தோலில் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பியின் ஒரு முனை வெளியே, மறுமுனை செல்லுக்கு உள்ளே. வெளிமுனையில் காரணி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. உள்முனைகள் ஒன்றையொன்று கிளப்பிவிட, ‘வளர், பிளவுபடு’ என்ற கட்டளை செல்லின் உட்கரு வரைக்கும் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேருகிறது.

அல்துஸ்ஸரை வாசித்தவர்களுக்கு இங்கே ஒரு காட்சி ஞாபகம் வரலாம். போலீஸ்காரர் தெருவில் ‘ஏய்!’ என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்புதலிலேயே அதிகாரத்தின் ‘தன்னிலை’யாகிவிடுகிறான். காரணி கூப்பிடுகிறது, செல் திரும்புகிறது. ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் பிய்ந்துவிடும். ஆனால் அது எங்கே பிய்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஏற்பிக் குடும்பத்தில் ஹெர்-1 முதல் ஹெர்-4 வரை நான்கு உறுப்பினர்கள். இதில் ஹெர்-2 விசித்திரமானது. அதைக் கூப்பிடுவதற்கென்று எந்தக் காரணியும் கண்டறியப்படவில்லை. அது எப்போதும் திரும்பிய நிலையிலேயே, ஜோடிக்குத் தயாராக நிற்கிறது. மற்ற ஏற்பிகளோடு, குறிப்பாக ஹெர்-3உடன், சேர்ந்துகொள்கிறது. யாரும் கூப்பிடாமலேயே பதில் சொல்லும் ஏற்பி!

சாதாரணச் செல்லில் இது சில பத்தாயிரம் எண்ணிக்கையில் இருக்கும்வரை பாதகமில்லை. 17ஆம் குரோமோசோமில் உள்ள ஹெர்-2 ஜீன் பல பிரதிகளாகப் பெருகிவிட்டால் செல்லின் மேல் இருபது லட்சம் ஏற்பிகள்வரை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அப்புறம் யார் கூப்பிட வேண்டும்? ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு ஓயாமல் கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் இந்த வகை.

டிரஸ்டுசுமாப் ஓர் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. ஹெர்-2இன் வெளிமுனையில் போய் உட்கார்ந்து கட்டளையை மட்டுப்படுத்துகிறது. கூடவே உடம்பின் நோயெதிர்ப்புச் செல்களுக்கு ‘இதோ இங்கே’ என்று அடையாளம் காட்டுகிறது. 2012இல் வந்த பெர்டுசுமாப் அதே ஏற்பியின் வேறோர் இடத்தில் அமர்ந்து ஜோடி சேர்வதையே தடுக்கிறது. 2007இல் வந்த லப்பாடினிப் மாத்திரை வடிவம். அது செல்லுக்குள் நுழைந்து உள்முனையை அடைக்கிறது. ஒரே ஏற்பி, மூன்று வாசல்கள்.

3

கண்டுபிடிப்பின் கதை பெரும்பாலும் ஒரு நாயகனின் கதையாகச் சொல்லப்படுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் டென்னிஸ் ஸ்லேமன் அந்த நாயகன். அவர் பங்கு பெரியது, சந்தேகமில்லை. ஆனால் கதை அவருக்கு முன்னாலேயே தொடங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் வெயின்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில், எலியின் நரம்புக் கட்டியிலிருந்து இந்த ஜீனின் தடயத்தைப் பிடித்தவர்களில் முன்னால் நின்றவர் லக்ஷ்மி சரண் பாதி என்ற இந்திய விஞ்ஞானி. 1985இல் அதே ஜீனின் மனித வடிவத்தை, ஜெனென்டெக் கம்பெனியில் வேலைபார்த்த ஆக்ஸல் உல்ரிச் குழு உட்பட, ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் தனித்தனியாகக் கண்டெடுத்தன. அதே ஆண்டில் எலிச் செல்களில் இந்த ஏற்பியை எதிர்ப்பொருளால் தடுத்தால் செல் புற்றுத்தன்மையை இழக்கிறது என்பதும் காட்டப்பட்டது. கருத்து அப்போதே மேஜைமேல் வந்துவிட்டது. மருந்து வர இன்னும் பதின்மூன்று ஆண்டுகள்.

1987இல் ஸ்லேமன் குழு 189 பெண்களின் கட்டிகளை ஆராய்ந்தது. சுமார் 30 சதவீதத்தில் ஜீன் பெருகியிருந்தது. அப்படிப் பெருகியிருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுள் குறைந்தது. அதாவது, மிக மோசமான கெதி எழுதப்பட்டிருந்த பெண்களைத் தனியாக அடையாளம் காண முடிந்தது. இதன் பிறகும் ஜெனென்டெக் முழுமனதோடு இறங்கவில்லை. புற்று மருந்துகளில் பல கம்பெனிகள் கையைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம். உல்ரிச் கம்பெனியை விட்டே போனார். ஸ்லேமனின் ஆய்வு நின்றுபோகாமல் காத்ததில் ரெவ்லான் என்ற அழகுசாதனக் கம்பெனியின் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உதட்டுச் சாயத்தில் வந்த லாபம் மார்பகப் புற்று ஆய்வுக்குப் போனது! முரண் என்று சிரித்துவிட்டுப் போகலாம். அரசு நிதியும் கம்பெனிக் கணக்கும் கைவிட்ட இடத்தில் ஒரு பணக்காரரின் தயவில் விஞ்ஞானம் தொங்கிக்கொண்டிருந்தது என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவதாகத்தான் வாசிக்கிறேன்.

இன்னொரு தகவலையும் இங்கே வைத்துவிட வேண்டும். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையை 1975இல் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்தவர்கள் சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜ் கோலரும். பொதுப்பணத்தில் நடந்த ஆய்வு. அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் எதிர்ப்பொருள் மருந்துகளின் சந்தை உள்ளே வந்தது. வந்தவர்கள் கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போகவில்லை.

4

இப்போது பெண்கள். நாயகக் கதையில் இவர்கள் ‘நோயாளிகள்’ என்ற ஒற்றைச் சொல்லாக வந்துபோகிறார்கள்.

மார்பகப் புற்று பற்றிப் பெண்களே பேசத் தொடங்கியது 1970களில். மார்பையும் அதன் கீழுள்ள தசையையும் சேர்த்து அகற்றும் ஹால்ஸ்டெட் அறுவையை அதற்கு முன் எழுபது, எண்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் செய்துகொண்டிருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்துக் கட்டியைச் சோதித்து, புற்று என்றால் எழுப்பிக் கேட்காமலேயே மார்பை எடுத்துவிடுவது அன்றைய வழக்கம். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், மார்பு எடுத்த பிறகு பஞ்சு வைத்த செயற்கை மார்பை மாட்டிக்கொள்ளச் சொன்னபோது மறுத்ததை 1980இல் புத்தகமாகவே எழுதினார். இந்த இழப்பை ஒளித்துவைப்பது யாருடைய வசதிக்காக என்பது அவர் கேள்வி.

1980களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் நோயாளிகளின் ‘ஆக்ட் அப்’ இயக்கம், சோதனையில் இருக்கும் மருந்தைச் சாகிறவர்களுக்கு முன்கூட்டியே கொடு என்று தெருவில் இறங்கியது. சான் பிரான்சிஸ்கோவின் ‘பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன்’ அமைப்பு அதிலிருந்து பாடம் படித்தது. அமைப்போடு சேர்ந்திருந்த பெண் மருத்துவர் ஒருவருக்கு மார்பகப் புற்று. தன் கட்டி ஹெர்-2 வகையா என்று சோதித்து மருந்து கொடுக்கும்படி கேட்டார். மருந்து அப்போது பரிசோதனைக் கட்டத்தில் இருந்தது. கிடைக்கவில்லை, அவர் இறந்துபோனார். 1994 டிசம்பரில் பெண்கள் கார்களில் சவ ஊர்வலம் போல ஜெனென்டெக் வளாகத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வந்தது. 1995இல் பரிசோதனைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் ஓரளவு மருந்து ஒதுக்கப்பட்டது. யாருக்கு என்பதைத் தீர்மானித்தது சீட்டுக் குலுக்கல்!

பரிசோதனை முடிவுகள் 2001இல் முழுமையாக வெளியாயின. நோய் உடம்பில் பரவிவிட்ட 469 பெண்கள். கீமோவோடு டிரஸ்டுசுமாப் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 25.1 மாதம், கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 20.3 மாதம். ஐந்து மாதம்கூட இல்லையே என்று தோன்றும். 2005இல் வந்த அடுத்த கட்ட முடிவுகள்தான் பெரிய மாற்றம். நோய் பரவுவதற்கு முன்பே, அறுவைக்குப் பின் கொடுத்தபோது அது திரும்பி வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மிக மோசமான வகை என்று எழுதப்பட்டிருந்த நோயின் கெதி மாறியது. நவீன மருத்துவத்தை மொத்தமாக ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பதில் சொல்லட்டும்.

தோட்டா சுத்தமானதும் இல்லை. ஹெர்-2 இதயத் தசையிலும் இருக்கிறது, அங்கே அதற்கு வேலையும் இருக்கிறது. அதே 469 பேர் பரிசோதனையில், ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோவோடு டிரஸ்டுசுமாப் சேர்த்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு இதயம் பலவீனப்பட்டது. அந்தக் கீமோ மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். இப்போது இரண்டையும் ஒரே நேரத்தில் பொதுவாகக் கொடுப்பதில்லை, இடையிடையே எக்கோ எடுத்துப் பார்க்கிறார்கள். உடம்பு ஓர் எதிரியின் கோட்டை அல்ல. அங்கே ‘இலக்கு’ என்று குறிவைத்தது இன்னொரு மூலையில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது.

இயக்கம் என்றால் மருந்து கேட்பது மட்டும் என்றும் ஆகிவிடக் கூடாது. அதே கம்பெனியின் பெவாசிசுமாப், ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் மருந்து. மார்பகப் புற்றுக்கு 2008இல் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது. பின்வந்த ஆய்வுகளில் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை, பக்கவிளைவுகள் மட்டும் உறுதியாயின. 2011இல் அனுமதி திரும்பப் பெறப்பட்டபோது கண்ணீரோடு எதிர்த்த நோயாளிகள் உண்டு. முன்பு மருந்து கேட்டுச் சவ ஊர்வலம் போன அதே பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன், இந்த முறை அனுமதி ரத்தை ஆதரித்தது. கொடு என்று கேட்கவும், பலனில்லாததைக் கொடுக்காதே என்று சொல்லவும் ஓர் இயக்கத்தால் முடிந்தது. கம்பெனிப் பணம் வாங்கும் நோயாளி அமைப்புகள் பெருகிவிட்ட காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

5

‘ஹெர்-2 பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட்டில் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

எடுத்த சதைத் துண்டுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுகிறார்கள். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் சந்தேகம். அதற்கு ஜீனையே எண்ணிப் பார்க்கும் இன்னொரு பரிசோதனை வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் வேண்டும். சதை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 மணியிலிருந்து 72 மணி நேரம்வரை அதில் ஊற வேண்டும் என்பது விதி. ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த சதை திங்கள்கிழமை எந்தக் கோலத்தில் லேபுக்குப் போய்ச் சேரும்? உலகத்தின் அதிநுட்பமான மருந்து, ஒரு ஃபார்மலின் பாட்டிலையும் அதைக் கையாளும் ஊழியரையும் நம்பி நிற்கிறது. அந்தக் கண்ணி அறுந்தால் ‘இலக்கு’ இல்லாமலே போய்விடும், அவள் ‘நெகட்டிவ்’ ஆகிவிடுவாள்.

இதைவிடச் சுவாரசியமானது பின்னால் நடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக 1+ என்றால் நெகட்டிவ். 2+ வந்து ஜீன் பெருகவில்லை என்றாலும் நெகட்டிவ். உனக்கு இந்த மருந்து இல்லை, அவ்வளவுதான். பிறகு டிரஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் வந்தது. எதிர்ப்பொருளின் முதுகில் கீமோ மூலக்கூறுகள் எட்டை ஏற்றிக் கட்டிய மருந்து அது. எதிர்ப்பொருள் ஏற்பியைப் பிடித்துச் செல்லுக்குள் போகிறது, உள்ளே மூட்டை அவிழ்கிறது. 2022இல் வெளியான ஆய்வில் இந்த ‘நெகட்டிவ்’ பெண்களுக்கும் அது பலன் தந்தது. இடைநிலை ஆயுள் 16.8 மாதத்திலிருந்து 23.4 மாதமாக உயர்ந்தது. உடனே ‘ஹெர்-2 குறைவு’ என்று ஒரு புது வகை பிறந்தது. மார்பகப் புற்றில் ஏறக்குறையப் பாதி இதற்குள் வரும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் ‘மிகமிகக் குறைவு’ என்ற இன்னொரு வகைக்கும் அனுமதி கிடைத்தது. பெண்களின் கட்டியில் எந்த மாற்றமும் இல்லை. மருந்து மாறியது, வகைப்பாடும் மாறியது. பெயர் நோயிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே மருந்திலிருந்து வந்திருக்கிறது. பெயர் வந்தால்தான் காப்பீடு வரும், மருந்தும் வரும்.

அந்த மருந்து குறைந்த ஏற்பி உள்ள கட்டியில் எப்படி வேலை செய்கிறது? அவிழ்ந்த விஷம் பிடித்த செல்லோடு நிற்காமல் பக்கத்துச் செல்களுக்கும் கசிகிறது. ஏற்பி இல்லாத பக்கத்துப் புற்றுச் செல்லும் சாகிறது. அதாவது இந்த இலக்கு மருந்தின் வலிமையில் ஒரு பங்கு அது இலக்கைத் தாண்டிச் சிந்துவதில் இருக்கிறது. அதன் ஆபத்தும் சாதாரணமல்ல. நுரையீரல் அழற்சி வந்து சிலர் இறந்திருக்கிறார்கள். முடி கொட்டும் பழைய கீமோ ஒழிந்தது என்று சொன்னார்கள். அது புது வண்டியேறி வந்திருக்கிறது.

6

இந்தியாவில் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2005 காப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்றானது. முதல் பெரிய மோதல் நம் சென்னையில் நடந்தது. ரத்தப் புற்றுக்கான இலக்கு மருந்தான கிளீவெக்குக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்துக் கம்பெனி போட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரலில் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. இடையில் 2012இல் சொராஃபெனிப் என்ற மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டு, மாதம் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் இருந்த விலை 8,800 ரூபாய்க்கு இறங்கியது.

இந்தச் சூழலில்தான் பெண்ணிய, நலவாழ்வு அமைப்புகள் கூடி டிரஸ்டுசுமாபைக் கட்டுப்படியாகும் விலைக்குக் கொடு என்று இயக்கம் நடத்தின. 440 மில்லிகிராம் குப்பி ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்த காலம் அது. மூன்று வாரத்துக்கு ஒருமுறையென ஓராண்டு போட வேண்டிய மருந்து. கட்டாய உரிமம் பற்றி அரசுக்குள் பேச்சு நடந்தது, உரிமம் வரவில்லை. ஆனால் அழுத்தத்தின் நடுவே 2013இல் ரோஷ் கம்பெனி தன் இந்தியக் காப்புரிமையைத் தொடராமல் விட்டது. 2014 தொடக்கத்தில் பயோகான் நகல் மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குப்பி சுமார் 57,500 ரூபாய்.

பாதி விலை, அவ்வளவுதான். மாத்திரையைப் போல இதை நகலெடுக்க முடியாது என்பது ஒரு காரணம். டிரஸ்டுசுமாப் தொழிற்சாலையில் கலக்கித் தயாரிக்கிற ரசாயனம் இல்லை. சீன வெள்ளெலியின் சூலகச் செல்களைத் தொட்டியில் வளர்த்து, அவற்றைச் சுரக்கவைத்துப் பிரித்தெடுக்கும் பெரிய புரதம். ஒரு தொட்டியின் புரதமும் இன்னொரு தொட்டியின் புரதமும் அச்சு அசலாக இருக்காது. ஆகவே ‘நகல்’ என்று சொல்லக் கூடாது, ‘உயிரொப்பு மருந்து’ என்றுதான் சொல்ல வேண்டும். இந்த உயிரியல் உண்மையே வழக்குமன்றத்தில் ஆயுதமானது. போதிய சோதனை இல்லாமல் எங்கள் மருந்துக்கு நிகர் என்று சொல்லாதே என்று ரோஷ் டெல்லி உயர்நீதிமன்றம் போனது. சோதனை சரியாக நடந்ததா என்று கேட்பது நோயாளிகளின் நியாயமான உரிமை. அதே கேள்வியைச் சந்தையை இழக்கப்போகிற கம்பெனி கேட்கும்போது அதன் அர்த்தம் மாறிவிடுகிறது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் டிரஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019 டிசம்பரில் அதன் உயிரொப்பு வடிவம் ஒன்றுக்கு முதல்முறையாகத் தர அங்கீகாரமும் கொடுத்தது.

அதிகம் பேசப்படாத ஒரு கேள்வி பாக்கி. ஓராண்டு என்று யார் சொன்னது? முதல் பெரிய சோதனைகள் ஓராண்டு என்று வைத்துக்கொண்டன, அதுவே விதியாகிப்போச்சு. குறைத்தால் போதுமா என்று கேட்பதில் விற்கிறவருக்கு என்ன அக்கறை? பின்லாந்தில் ஒன்பது வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பிரான்சில் ஆறு மாதம் பார்த்தார்கள், போதும் என்று நிரூபிக்க முடியவில்லை. பிரிட்டனில் பொதுநிதியில் 4,000க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் ஆறு மாதம் ஓராண்டுக்குக் குறைந்ததில்லை என்று வந்தது. நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 89.4 சதவீதமும் 89.8 சதவீதமும். இதயப் பாதிப்பும் குறைவு. ஓராண்டே பெரும்பாலும் இன்றும் வழக்கம். பாதி மருந்துக்கு மட்டும் பணம் புரட்ட முடிந்தவளிடம் ‘முழுக் கோர்ஸ் முடிக்கல’ என்று குற்றம் சொல்வதற்கு முன்னால் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

7

தொகுத்துச் சொன்னால், ஹெர்-2 ஏற்பி உண்மை. அது செல்லின் மேல் நிற்கிறது, எண்ணிப் பார்க்கலாம். அதைத் தடுத்தால் பெண்கள் பிழைக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஏற்பி ‘இலக்கு’ ஆவதற்குக் கம்பெனியின் கணக்கும், சவ ஊர்வலமும், ஃபார்மலினும், குப்பியின் விலையும் தேவைப்பட்டிருக்கின்றன. இவற்றில் எதையும் இயற்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மாற்றக் கேட்கலாம்.

மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டிக்கு ‘டிரிபிள் நெகட்டிவ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேற்கு நாடுகளைவிட இந்தியாவில் இதன் விகிதம் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. என்ன இருக்கிறது என்று சொல்லாமல் என்ன இல்லை என்று மட்டும் சொல்லும் பெயர். இருக்கிற மருந்துகளின் பட்டியலை வைத்து எழுதிய பெயர். அந்தப் பெண்களின் கட்டியிலும் ஏதோ ஒன்று ஓயாமல் கட்டளை போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது என்னவென்று தேட யார் பணம் போடுவார்கள், தேடிக் கிடைத்ததை யார் சொத்தாக்கிக்கொள்வார்கள் என்பதைச் சோதனைக்கூடத்துக்கு வெளியே இருக்கிற நாமும் கேட்டாக வேண்டும். 1994இல் அந்தப் பெண்கள் கேட்டது விஞ்ஞானத்தை நிறுத்தச் சொல்லி அல்ல. அதில் தங்களுக்குரிய பங்கைத்தான்.